படலுக்கு வெளியே நாகஜோதி

சோழவந்தான் கொடிக்காலில் ஆறு வரிசை வெற்றிலைக்கொடி மஞ்சளாகி வாடியது. கொடி நோவு கண்டால் மண்ணைப் பார்க்க வேண்டும். குடும்பத்துக்கு மூத்தவர் சுருளியோ தம்பி பெண்டாட்டியைப் பார்த்தார். விலக்கான நாளில் நாகஜோதி உள்ளே வந்துவிட்டாளாம், தீட்டாம். வந்தாள், உண்மைதான். நோவு என்ன நாள் பார்த்தா வேரில் இறங்குகிறது? பன்னிரண்டு வருடம் இலை கிள்ளியவள், அன்றிலிருந்து கொடிக்கால் வாசலின் மூங்கில் படலுக்கு வெளியே உட்கார்ந்து இலை அடுக்கினாள்.

பிடுங்கி எறிந்த கொடி ஒன்றின் வேரைக் கழுவிப் பார்த்தாள். முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. பஸ் ஏறி வேளாண்மை அலுவலகத்தில் காட்டினாள். கண்ணுக்குத் தெரியாத நூற்புழு என்றார்கள். செண்டுமல்லியை ஊடே நட்டால், அதன் வேரில் ஊறும் வேதிப்பொருள் புழுவை அடக்குமாம். வீட்டு வாசலில் நாற்று வளர்த்தாள். படலருகே வாங்கிப்போய் நட்டவன் புருஷன் அழகுபாண்டி. ஐந்து வரிசைக்குத்தான் கொடுத்தாள். ஆறாவதை வேண்டுமென்றே விட்டாள்.

மூன்று மாதத்தில் தளிர் ஓடியது. சுருளி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்: "பொம்பளைய வெளிய நிறுத்துனேன். எம்புட்டுச் செழிப்பாயிருச்சு பாத்தீகளா."

கொடி தழைக்கத் தழைக்க அவளுக்குப் படல் இறுகியது.

"ஆறாவது வரிசை எப்படி இருக்கு?" என்று புருஷனைக் கேட்டாள்.

"பழுத்துத்தான் கெடக்கு."

"நான் உள்ள வராதது அந்த வரிசைக்கு மட்டும் தெரியலையாக்கும்."

அழகுபாண்டி சிரிப்பை அடக்கினான். "எனக்குப் புரியுது புள்ள. அண்ணன்கிட்ட எப்படிச் சொல்ல?"

"வாயாலதான்."

"அந்த வரிசையிலதான் நீ அன்னைக்கு நின்னேன்னு சொல்லுவாரு."

"நான் நின்னது ரெண்டாவதுல."

"அத யாரு கேக்கப்போறா? நாத்தக் குடு. வடக்கயும் பழுக்க ஆரம்பிச்சிருச்சு."

"நானே வந்து நடுறேன்."

"வம்பு பண்ணாத."

கொடுக்காமல் இருக்கலாம். கொடி சாகும், மகள் கல்லூரிக்குப் போவது அந்த இலையை நம்பித்தான். செத்தால் அதற்கும் அவள் தீட்டுத்தான் காரணமாகும். நாற்றுத்தட்டை மடியில் வைத்து, வாடிய நாற்றுகளைக் கிள்ளிப் போட்டாள். பிறகு நீட்டினாள்.

"பூ முடிஞ்சதும் பிடுங்கிராதீங்க. வேரு மண்ணுல கெடக்கணும்."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படலைச் சாத்தினான். வேலி இடுக்கில் முகத்தை வைத்து அவள் சொன்னாள்: "அங்க இல்ல. இன்னும் கொடிக்குக் கிட்ட நடுங்க."