விரதம் முடித்து வைத்த நிலா

மொட்டை மாடியில் இருந்தவர்கள்: என் மனைவி. கீழ்வீட்டு அம்மா. அந்த அம்மாவின் வீட்டுக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர். பிறகு நான்.

பாலக்கரையில் எங்கள் வீடு. அன்று சங்கடஹர சதுர்த்தி. காலையிலிருந்து என் மனைவிக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும். ராத்திரி நிலாவைப் பார்த்துக் கும்பிட்ட பிறகுதான் சாப்பாடு. காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கித் தூக்கி எனக்குக் குடல் இறங்கி ஆபரேஷன் ஆனது. அதிலிருந்து எனக்காக மாதாமாதம் இந்த விரதம். அவளுக்குச் சர்க்கரை உண்டு. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

மணி ஒன்பதரை தாண்டியது. வானம் முழுக்க மேகம். அவளுக்குக் கை நடுங்கியது. முகம் வேர்த்தது.

"ஒரு வாய் சாப்பிடுங்கக்கா. பிள்ளையார் கோவிச்சுக்க மாட்டாரு" என்றார் கீழ்வீட்டு அம்மா.

"நிலாவைப் பாக்காம எப்படி? இவருக்காகத்தானே விரதம் இருக்கேன்" என்றாள்.

"இப்பத்தான் ஸ்ரீரங்கத்துக்கு சவாரி போயிட்டு வரேன். அங்கயும் மேகந்தான். நிலா இன்னைக்கு லீவு அண்ணி" என்றார் ஆட்டோக்காரர்.

யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. இருக்கிறாயா இல்லையா என்று மேலே பார்த்து மனசுக்குள் கேட்டேன்.

கிழக்கே மேகத்துக்குள் வட்டமாக ஒரு வெளிச்சம் வந்து நின்றது.

"என்னங்க, நிலா!"

சொம்புத் தண்ணீரை விட்டுக் கும்பிட்டாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. மார்க்கெட்டில் மூட்டையைத் தலைக்கு ஏற்றும்போது பின்னாலிருந்து ஒரு ஆள் கை கொடுப்பான். முகம் தெரியாது. பாரம் குறையும். அந்த மாதிரி இருந்தது.

கீழ்வீட்டு அம்மா அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார்.

அவர்கள் இறங்கிய பிறகு நிலா நகர்ந்தது. வடக்கே போனது. திரும்பி வந்தது. மறுபடியும் போனது.

"அண்ணே, அது கல்யாண மண்டபத்துல மேல அடிக்கிற லைட்டுண்ணே" என்றார் ஆட்டோக்காரர். "நானும் கும்பிட்டுத் தொலைச்சேன். போகட்டும், மாப்பிள்ளை நல்லா இருக்கட்டும். அண்ணிகிட்ட மூச்சு விடாதீங்க."

அவரும் போனார். நான் நின்றேன். கொஞ்ச நேரத்தில் மேகம் விலகி, கிழக்கிலேயே கொஞ்சம் தள்ளி நிஜ நிலா வந்தது. ஓரம் தேய்ந்து, மஞ்சளாக. கை கூப்பினேன். காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கொசுதான் கடித்தது.

லைட்டில் வந்தது யார்? நிலாவில் ஏன் வரவில்லை? கோயிலில் யாரிடமாவது கேட்கலாம் என்று நினைப்பேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

கீழே இறங்கினேன். கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்தாள். கை நடுக்கம் நின்றிருந்தது.

"நிலா நல்லாத் தெரிஞ்சுதுல்லங்க?"

"தெரிஞ்சுது" என்றேன்.

அன்று பார்த்த நிலா: இரண்டு.