கம்பெனி வேனுக்குப் பின்னால் போன அம்மா

என் மகள் செல்விக்குப் பத்தொன்பது வயது. பிறவியிலேயே மனவளர்ச்சி குறைவு. எனக்குப் பிறகு இவளை யார் பார்ப்பார்கள் என்ற கவலை ஓயாது. பனியன் கம்பெனியில் துணிகளை மடித்துக் கவரில் போடும் வேலை அவளுக்குக் கிடைத்தபோது பயத்தோடுதான் அனுப்பச் சம்மதித்தேன்.

முதல் நாள் அவளைக் கம்பெனி வேனில் ஏற்றிவிட்டு, மனசு கேட்காமல் ஸ்கூட்டியில் பின்னாலேயே போனேன். கம்பெனி கேட் அருகே இறங்கியவள் என்னைப் பார்த்துவிட்டாள். ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"நீ எதுக்கும்மா வந்தே? எல்லாரும் பாக்கறாங்க. ஊட்டுக்குப் போ" என்றாள்.

அவளோடு இறங்கிய பெண், "நான் பாத்துக்கறனுங்க்கா" என்றார்.

மற்ற பிள்ளைகளைப்போல் அம்மா கூடவே வந்தால் கூச்சப்படும் வயது என் மகளுக்கும் வந்திருந்தது. வண்டியைத் திருப்பும்போதுதான் அது எனக்கு உறைத்தது. கவலை இன்னும் போகவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அவளை வேனில் ஏற்றிவிட்டு எங்கள் தெருமுனையோடு நின்றுவிடுகிறேன்.