ஆர்கனுக்கு அடியில் இருந்த சைரன்

1. ஹெட்போனில் கேட்டது

சவுண்ட் இன்ஜினியர் வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பெரிய பயந்தாங்கொள்ளி. ராயபுரத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் ரொம்ப காலம் மிக்ஸிங் பார்த்தேன். அங்கே ஒருநாள் பட்டப்பகலில் ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடி, வெளிக்காற்றை மோந்து பார்த்தேன்.

கேட்டது சைரன். நான் எர்ணாவூரில் வளர்ந்தவன். எங்கள் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் கேஸ் கசிந்தால் அந்தச் சைரன்தான் ஊதும். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, காற்றுக்குக் குறுக்கே ஓட வேண்டும். சின்ன வயதிலேயே இதைப் பழக்கிவிடுவார்கள். ஆனால் ஜன்னலுக்கு வெளியே வெயிலும் மீன் வண்டியும்தான் இருந்தன. சைரன் ஊதியது டேப்பில்.

அது எங்கள் பகுதியில் பெயர்போன ஒரு ராக் ஆல்பம். எழுபதுகளின் கடைசியில் ஹார்பரில் வேலை பார்த்த நாலு பேர் கிடார், டிரம்ஸ் வைத்துத் தமிழில் போட்டது. இரண்டாயிரத்துக்குப் பிறகு அதை சி.டி.யாகக் கொண்டுவர, சுரேஷ் என்ற இளம் தயாரிப்பாளர், ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகப் பதிவான மாஸ்டர் டேப்போடு வந்தார்.

"பழைய மிக்ஸ்ல ஓவர் அலங்காரம் சார். எக்கோ, ஆர்கன், கோரஸ் எல்லாத்தையும் தூக்குங்க. குரல், கிடார், டிரம்ஸ் மட்டும் போதும்."

தூக்கினேன். பொய் சொல்லக் கூடாது, அசந்துபோனேன். பாடகர் டேவிட் அண்ணன் மூச்சு இழுப்பது கேட்டது. கிடார் கம்பியில் விரல் வழுக்குவது கேட்டது. கடைசிப் பாட்டில் நீளமாக இழுத்து வாசித்திருந்த ஆர்கனை மியூட் செய்தேன். அப்போதுதான் ஜன்னலுக்கு ஓடினேன்.

2. ஆர்கனா, சைரனா

டேவிட் அண்ணன் அப்போது எர்ணாவூரில் டீக்கடை வைத்திருந்தார். கூப்பிட்டுக் கேட்டோம்.

"எண்ணூர் ஷெட்டுல பாடிகினு இருந்தோம் நைனா. அன்னிக்கு கம்பெனில டெஸ்டுக்கு சைரன் ஊதுனான். டேக் சூப்பரா போய்கினு இருந்துச்சி, நிறுத்தாம பாடிட்டேன்."

சைரன் அவர் குரலோடு ஒரே மைக்கில் ஏறியிருந்தது. தனியாகப் பிரிக்க வழியில்லை. அதனால்தான் பழைய இன்ஜினியர் ஆர்கனைப் போட்டு மூடியிருக்கிறார். மூடியது எனக்குச் சரி என்றே பட்டது.

சுரேஷுக்கோ ஒரே சந்தோஷம். "இதுதான் சார் உங்க ஊரு சவுண்ட்! அப்படியே விடுங்க."

"எங்க ஊர்ல இதக் கேட்டா ஓடுவாங்க சார்."

"ரெண்டு தடவ கேட்டா பழகிடும் சார்" என்று சிரித்தார்.

டேவிட் அண்ணனும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். "என் கொரலு இப்டி கீதுன்னு எனுக்கே இப்பத்தான் தெரியுது. அந்த ஆர்கன போட்டு மறுபடி மூடிடாத நைனா." அவர் கண் கலங்கியிருந்தது. சைரனோடு சி.டி. வந்தது.

3. எர்ணாவூர் டீக்கடை

முதல் வாரம் டீக்கடையில் பாட்டு ஓடியபோது ஓர் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு யாரும் ஓடவில்லை. பக்கத்து கேசட் கடையிலும் அதே பாட்டுதான் நாள் முழுக்க. சைரன் வரும் இடத்தில் பெஞ்சில் இருக்கிறவர்கள் கூடவே ஊளையிடுவார்கள். நான் மட்டும் கொஞ்ச நாள் யாருக்கும் தெரியாமல் காற்றை மோந்து பார்ப்பேன். கேலி செய்வார்கள் என்று பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

ஒருநாள் காலை நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சைரன் கேட்டது. கடையில் ஏழெட்டுப் பேர். ஒருவர் பேப்பரைப் புரட்டினார். இருவர் வழக்கம்போல ஊளையிட்டார்கள். நானும் பொறை பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

பேப்பர் படித்தவர் அட்டையை எடுத்து விசிறிக்கொள்ள ஆரம்பித்தார். நிமிர்ந்து பார்த்தேன். ஃபேன் ஓடவில்லை.

"அண்ணா, பாட்டு எங்க ஓடுது?"

"பக்கத்து கடைலதான் நைனா. வேற இன்னா?"

"கரண்ட் இல்லண்ணா!"

டேவிட் அண்ணன் கையில் ஆற்றிக்கொண்டிருந்த டீ அப்படியே நின்றது. அவர் முகம் வெளுத்ததை இன்றும் மறக்க முடியவில்லை. அடுத்த நொடி கண் எரிய ஆரம்பித்தது. பாய்லர் பக்கத்துக் குடத்தைக் கவிழ்த்து, கைக்குக் கிடைத்த துணியை எல்லாம் நனைத்துக் கொடுத்தார். கத்திக்கொண்டே ஓடினோம். தெருவில் பலர் நாங்கள் ஓடுவதைப் பார்த்துத்தான் ஓடினார்கள்.

யார் உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரயில்வே கேட்டுக்கு அப்பால் இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். டேவிட் அண்ணன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஆர்கன திருப்பிப் போட்ரு நைனா. என் கொரலு கேக்காட்டியும் பரவால்ல."

அடுத்த பதிப்பில் போட்டுவிட்டேன். சுரேஷும் மறுக்கவில்லை.

எது நல்ல மிக்ஸ் என்று கேட்டால், அலங்காரம் எதுவும் இல்லாத அந்த ரீமிக்ஸ்தான் என்று இன்றும் சொல்வேன். ஆனால் எதையும் மியூட் செய்யும் முன், அதை அங்கே வைத்தவன் ஏன் வைத்தான் என்று விசாரியுங்கள். அந்த முதல் சி.டி. என் வீட்டில் இருக்கிறது. எப்போதாவது கேட்பேன். சைரன் வந்ததும் பாட்டை நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்து மோந்து பார்த்த பிறகுதான் மறுபடி ஓடவிடுவேன்.