ஆளில்லாத வீட்டுக்கு ஒரு இலை

எங்கட ஊரில ஏழு வீடுதான். ஆனா ஆரும் கேட்டால் எட்டு எண்டுதான் பெரியாக்கள் சொல்லுவினம். எனக்கு அப்ப ஏழு வயசு. எழுத்து வராது, எங்கட பக்கம் பள்ளிக்கூடமே இல்லை. ஆனா எண்ண வரும். ஆடு, கோழிக்குஞ்சு, குளத்தில இறங்கிற கொக்கு, எதைக் கண்டாலும் எண்ணிப்போட்டுத்தான் மற்ற வேலை.

ஊரின்ர பேர் எருமைநிண்டகுளம். முரசுமோட்டைக்கு மாட்டு வண்டிலில ஒரு பகல் போகவேணும். காணாமல் போன எருமையைத் தேடி வந்த ஒருத்தர், அது பள்ளத்துத் தண்ணிக்குள்ள சுகமா நிக்கிறதைக் கண்டு, அந்தத் தண்ணியை மறிச்சு அணை கட்டினவராம். ஊர் வந்தது அப்பிடித்தான். அவரை விட எருமைக்குத்தான் மாலை போடவேணும் எண்டு அப்பா பகிடி விடுவார்.

அந்த அணை கட்டினவரின்ர வீடுதான் எட்டாவது. நான் பிறக்க முன்னம் காய்ச்சல் வந்து அங்க ரெண்டு பேர் செத்துப்போக, மிச்ச ஆக்கள் முல்லைத்தீவுப் பக்கம் போட்டினம். வருவம் எண்டு சொல்லிப்போட்டுப் போனவையாம். வீடு இடிஞ்சு சுவர் மட்டும் நிண்டது. ஊருக்கே நல்லதண்ணிக் கிணறு அந்த வளவுக்கைதான்.

அறுவடை முடியக் குளக்கட்டில பொங்குவம். வீட்டுக்கு ஒரு வாழையிலை போடுறது. முதல் இலை அந்த வீட்டுக்கு. பொங்கின புக்கையை அதில வைச்சுப்போட்டு எல்லாரும் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிப்பினம், பேந்துதான் நாங்கள் சாப்பிடலாம். எனக்கெண்டால் வயிறு கத்தும். கடைசியில அதைத் தின்னுறது காகம்.

ஒருக்கா, குடியேற்றத்துக்குக் காணி அளக்க ஒரு ஐயா வாறார் எண்டு கதை வந்தது. ஆளில்லாத காணியெல்லாம் வெளியாக்களுக்குப் போகுமாம். ஊருக்கு மூத்தவர் எங்கட பெரியப்பா, அவருக்குச் சோறு தண்ணி இறங்கேல்லை. கிணறும் போகும், வருவம் எண்டு போனவைக்கு வந்து இருக்க இடமும் போகும். மனுசன் ஒரு வேலை செய்தார், இப்ப நினைச்சாலும் எனக்குச் சிரிப்பு வரும். இடிஞ்ச வீட்டுக்கு மேல புதுத் தென்னோலைக் கிடுகு போட்டு, அடுப்பு மூட்டிப் புகை கிளப்பி, எங்கட ஆட்டைக் கொண்டுபோய் முத்தத்தில கட்டினார். அம்மாவின்ர பச்சைச் சீலையை நனைச்சுக் கொடியில போட்டாச்சு. அம்மாவுக்கு நல்லதெண்டு இருந்தது அது ஒண்டுதான். மற்றதுகளைப் போட்டால் ஆளில்லாத வீடெண்டுதான் நினைப்பினம் எண்டு பெரியப்பா சொல்ல, அம்மா ரெண்டு நாள் அவரோட கதைக்கேல்லை.

ஐயா வந்தார். தொப்பி, குடை, நீளச் சங்கிலி. சங்கிலி யானையைக் கட்டக் கொண்டந்ததாக்கும் எண்டு நான் நினைச்சன். வீட்டுக்காரர் முல்லைத்தீவுக்குப் போட்டினம், இண்டைக்கோ நாளைக்கோ வந்திடுவினம் எண்டு பெரியப்பா பணிவாச் சொன்னார். முழுப் பொய்யெண்டும் சொல்லேலாது பாருங்கோ.

ஐயா என்னைக் கூப்பிட்டு ஒரு தோடம்பழ இனிப்புத் தந்தார். அதுக்கு முன்னம் அப்பிடி ஒண்டை நான் கண்டதில்லை. கன்னத்துக்கை அடக்கிக்கொண்டு நிண்டன்.

"பிள்ளைக்கு எண்ணத் தெரியுமோ? இஞ்ச எத்தினை வீடு?"

"ஏழு."

"அப்ப அந்தா நிக்கிறது?"

"அதில ஒருத்தரும் இல்லை. சீலை எங்கட அம்மான்ர. ஆடும் எங்கட."

ஆடும் என்ர குரலைக் கேட்டுப்போட்டுக் கத்துது. ஐயா சிரிச்சுச் சிரிச்சுப் புத்தகத்தில எழுதினார். பெரியப்பா என்னை ஏசேல்லை. அடுப்பை அணைச்சார், ஆட்டை அவிட்டுக்கொண்டு வந்தார். ரெண்டு அடி போட்டிருந்தாலும் பரவாயில்லை. இனிப்பு வாய்க்குள்ள கரையக் கரைய நான் பின்னால போனன்.

அடுத்த வரியம் பளைப் பக்கத்தில இருந்து ஒரு குடும்பத்துக்கு அந்தக் காணி குடுபட்டுது. நல்ல சனம். அந்த மனுசி கிணத்தடியில எங்களைக் கண்டால் தானே அள்ளி ஊத்துவா. ஆனாப் பெரியப்பா அவையின்ர படலைப் பக்கம் திரும்பியும் பாக்கமாட்டார்.

பொங்கல் வந்தது. அந்த மனுசி பிள்ளையளோட குளக்கட்டுக்குக் கீழ, ஏறலாமோ ஏறக்கூடாதோ எண்டு நிண்டா. அம்மா இலையளைக் கையில வைச்சுக்கொண்டு பெரியப்பாவைப் பாத்தா. இனி முதல் இலை இவைக்குத்தான் எண்டு நான் நினைச்சன். இப்ப வீடும் எட்டு, இலையும் எட்டு, சரியா வந்திட்டுது. பெரியப்பா கீழ நிண்டவையைத் திரும்பிப் பாத்தார்.

"ஒம்பது போடு பிள்ளை," எண்டார்.

அந்த மனுசி மேல ஏறி வந்தா. எனக்கெண்டால் சும்மா இருக்கேலாது. முல்லைத்தீவுக்குப் போனவைக்கு இப்ப வீடே இல்லை, பேந்தென்னத்துக்கு இலை எண்டு அம்மாவைக் கேட்டன்.

"வந்தால் அவை சாப்பிட வேண்டாமே," எண்டு சொல்லிப்போட்டு அம்மா முதல் இலையை விரிச்சா. காகத்துக்கு இப்பிடி அள்ளி வைக்கினமே எண்டு எனக்குச் சரியான கோவம்.

நாங்களும் அங்கயிருந்து எழும்பி வந்து கனகாலமாச்சு. வருவம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வந்தனாங்கள். போன மாசம் என்ர பேத்தி போய்ப் பாத்திட்டு வந்தவள். எங்கட வளவில வேற ஆரோ இருக்கினமாம். குளக்கட்டில பொங்கினவையாம், தனக்கும் தந்தவையாம். எத்தினை வீடு எண்டு கேட்டன். பன்ரண்டு எண்டாள். எத்தினை இலை போட்டவை எண்டு கேட்டன்.

படிச்ச பிள்ளை. எண்ணேல்லையாம்.