படலையில் ஒரு தும்மல்

நாற்பத்தாறு வயதில் மாணவனாவதில் அவமானம் ஒன்றுமில்லை. வெளிநாட்டு மாணவனாவதுதான் கொஞ்சம் அதிகப்படி. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, வயிற்றிலிருந்ததை எல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டுக் காங்கேசன்துறையில் இறங்கினேன். குடிவரவு அதிகாரி என் நரைத்த மீசையையும் மாணவர் விசாவையும் மாறி மாறிப் பார்த்தார். "படிக்கவோ?" என்றார். ஆமாம் என்றேன். "நல்லது" என்றார், துக்க வீட்டில் சொல்வதுபோல.

என் ஆய்வு சகுனங்களைப் பற்றியது. தற்செயலைத் தாங்கமாட்டாத மனிதன் அதற்கொரு காரணம் கற்பித்துக்கொள்கிறான் என்று முதல் இயலில் பதினெட்டுப் பக்கம் நிரூபித்து, அதை ஊரிலிருந்தே கையோடு கொண்டுபோயிருந்தேன்.

பருத்தித்துறையில், கடலுக்குப் போகும் ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றில், மீனவர் வீட்டில் அறை கிடைத்தது. வீட்டுக்காரரை அண்ணை என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டேன். என்னைவிட நாலைந்து வயதே மூத்தவர்கள். அண்ணை தினமும் மாலை நான்கு மணிக்குப் படகுக்குப் புறப்படுவார். காலை ஆறரைக்கெல்லாம் திரும்பிவிடுவார்.

போன முதல் வாரம், வகுப்பு முடிந்து பஸ்ஸில் வந்து வேலிப் படலையைத் திறந்தேன். எதிரே, மண்ணெண்ணெய்க் கேனோடு அண்ணை. இருவரும் சிரித்து விலகினோம். மறுநாள் காலை வந்த பாரை மீனை வைக்க வீட்டில் பாத்திரம் போதவில்லை.

"தம்பியின்ரை முழிவியளம் நல்ல முழிவியளம்" என்றார் அக்கா. வெளியே புறப்படுகிறவர் கண்ணில் முதலில் படும் முகம்தான் முழிவியளம். பெண் பார்க்கப் போன மூன்று வீடுகளில் வேலைக்காகாத முகம் இது. கடல் கடந்து வந்து இப்படியொரு உத்தியோகம் கிடைக்கும் என்று யார் கண்டது?

அன்றுமுதல் நான்கு மணியானால் குரல் வரும். "தம்பி, ஓடி வாங்கோ, அவர் வெளிக்கிடுறார்!"

"இன்னும் முகம்கூடக் கழுவல அக்கா."

"இருக்கிற முகமே போதும், வாங்கோ."

கடற்கரையிலும் செய்தி பரவியது. ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஒருக்கா எங்கடை வாசலிலையும் வந்து நில்லுங்கோவன், உங்கடை முகம் என்ன தேஞ்சா போகும்?" என்றார். மறுத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்தான்.

அந்த வியாழக்கிழமை அக்கா கொல்லையில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் கறித்தூளுக்கு மிளகாய் வறுத்தால் நாலு வீடு இருமும். நான் படலையில் நின்றேன். அண்ணை என்னைப் பார்த்தார், தலையசைத்தார், திரும்பி நடந்தார். அவர் பத்தடி போயிருப்பார், தும்மிவிட்டேன். ஒரே தும்மல். முதுகுக்குப் பின்னால் ஒற்றைத் தும்மல் எவ்வளவு கெட்டது என்பதற்கு என் இயலில் தனி அடிக்குறிப்பே உண்டு. அண்ணை நிற்கவில்லை. கேட்டிருக்காது என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு அவர் வரவில்லை. ஏழரைக்கும் வரவில்லை.

அக்கா பிட்டை அவித்து மூடி வைத்துவிட்டுத் தொலைபேசியும் கையுமாக இருந்தார். அதில் ஒரு பெண் குரல் மூன்று மொழிகளிலும் அண்ணையைத் தொடர்புகொள்ள முடியாது என்றது. அக்கா திரும்பத் திரும்ப எடுத்தார். ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் அதே பணிவோடு சொன்னாள்.

எட்டரைக்குக் கடற்கரைக்குப் போனோம். மற்றப் படகுகளெல்லாம் கரையில் கிடந்தன. இரண்டு படகுகள் தேடப் போயிருப்பதாகச் சொன்னார்கள். முன்பு என் முகத்தை இரவல் கேட்டவர் இப்போது அதைப் பார்க்காமல் தள்ளிப் போய் நின்றார். அவர் யதேச்சையாகத்தான் நகர்ந்திருப்பார். ஆனால் என் கால்கள் முதல் இயலைப் படித்திருக்கவில்லை. அவை என்னை அக்காவின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தின.

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நேற்று அவர் வெளிக்கிடேக்கை நான் மிளகாய் வறுத்தனான். ஆரும் தும்மினதோ?"

கடலைவிட அந்தக் கேள்விக்குப் பயந்தேன். ஓம் என்றால் என் குற்றம் மிளகாய் வறுத்த அக்காவின் தலையில் ஏறும்.

"இல்லை அக்கா. யாரும் தும்மல."

"மெய்யாத்தான் சொல்லுறீங்களோ?"

"மெய்யாத்தான்."

அவர் மணலில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. ஏதாவது கறுப்பாகத் தெரிந்தால் எழுந்து நிற்போம். அது அலையாகிப் போய்விடும். பத்தாவது முறைக்குப் பிறகு கடலைப் பார்ப்பதை விட்டு என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்கு யாரோ கத்தினார்கள். தேடப் போன படகு, பின்னால் கயிற்றில் அண்ணையின் படகை இழுத்துக்கொண்டு வந்தது. படகில் அண்ணை குந்தியிருந்தார். முகம் உப்புப் பூத்திருந்தது.

"எஞ்சின் நிண்டிட்டுது. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போட்டுது" என்றார். அக்கா அவருடைய சட்டையைப் பிடித்தபடியே வீடுவரை நடந்தார்.

கிணற்றடியில் அண்ணை குளிக்க, வாளியை நான் இழுத்துக் கொடுத்தேன். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தம்பிக்குத் தடிமனோ, மூக்கு ஒழுகுதோ?"

"இல்லண்ணை. மிளகாய் நெடி."

"ம். கேட்டது."

வாளி கையிலிருந்து நழுவியது. "கேட்டுமா போனீங்க?"

"திரும்பினால் உங்கடை அக்கா ஏனெண்டு கேப்பாள். தான் மிளகாய் வறுத்ததாலைதான் எண்டு ஒரு கிழமை சாப்பிடாள். சொல்லிப்போடாதேங்கோ."

"அப்ப நீங்க இதையெல்லாம் நம்பலையா?"

"நம்பேல்லை எண்டு ஆர் சொன்னது?" என்றார் சற்றுக் கோபமாக. "கரையை விடேக்கை மூண்டு தரம் கடலைக் கும்பிட்டனான்."

இதை எந்த அடிக்குறிப்பில் வைப்பது என்று இன்றுவரை தெரியவில்லை. கெட்ட சகுனம் என்றால் அவர் போகமாட்டார், அதனால் என்னால் கேடு வராது என்பதுதான் அதுவரை எனக்கிருந்த தைரியம். அதுவும் போயிற்று.

மூன்றாம் நாள் எஞ்சின் சரியாயிற்று. நான்கு மணிக்கு அக்கா என்னைக் கூப்பிடவில்லை. நானும் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அறைக்குள்ளேயே இருந்தேன். படலைக்கு வெளியே கேனைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. அதைத் திரும்ப எடுக்கும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். கேட்கவில்லை.

வெளியே போனேன். போகும்போது குசினியைப் பார்த்தேன். அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தது, அரைவேக்காட்டில் சோறு. அக்கா சுவரோடு நின்று, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருந்தார். யாரும் தும்மிவிடக் கூடாது என்றுதான்; அப்படியானால் அன்றைய தும்மலும் அவருக்குத் தெரியும், என் பொய்க்கு ஒரு பகல்கூட ஆயுள் இருந்ததில்லை போலும்.

அண்ணை என்னைப் பார்த்தார், கேனை எடுத்தார். அவர் ஒழுங்கை முடக்கில் திரும்பும்வரை நான் மூச்சு விடவில்லை.