மூடிக் கட்டிய வீடு

கல்யாணமாகி நான்கு வருடம். ஒரே கூரையின் கீழ் நானும் அவரும் படுத்த இரவுகளை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். நான் நகரத்தின் பொலிதேயாமாப் பகுதியில் ஒரு சிஞ்ஞோராவின், வெள்ளைக்கார எசமானியின், வீட்டில் தங்கி வேலை செய்தேன். அவர் கபோவில், சந்தை இரைச்சலுக்கு மேலே, ஐந்து ஆண்களோடு ஓர் அறையில். வியாழன் பின்னேரம் எனக்கு விடுமுறை. பூங்கா வாங்கிலில் அருகருகே இருப்போம். குடும்பம் நடத்தியது அவ்வளவுதான்.

தொண்ணூற்று நாலோ ஐந்தோ, ஒரு ஒக்டோபரில், சிஞ்ஞோரா ஒரு சாவியைத் தந்தார். பகேரியா ஊருக்கு வெளியே அவருடைய எலுமிச்சைத் தோட்டத்தில் ஒரு ட்ரெய்லர் நின்றது. காரின் பின்னால் கொளுவி இழுப்பது. பின்பாதி இரண்டு குதிரைகளுக்கு. முன்பாதியில் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. குதிரைகளை விற்றுவிட்டு அவருடைய மகன் வடக்கே போய்விட்டான்.

"குளிர்காலம் முழுக்க வெளியில்தான் நிற்கும். பழுதாகாமல் காத்தால் மார்ச்சிலிருந்து நீங்கள் இருவரும் அதிலேயே இருக்கலாம். நீ ரயிலில் வேலைக்கு வந்து போ."

அந்த வியாழனே போனோம். தொட்டியைக் காலி செய்தோம். பற்றறியையும் காஸ் சிலிண்டரையும் கழற்றினோம். மெத்தையைச் சுவரோடு நிமிர்த்தி வைத்தோம். பிறகு என்னவர் மழைக்கு மூடும் தறப்பாளை விரித்தார். ஊரில் இடம்பெயர்ந்து இரண்டு மாரியைத் தறப்பாள் கூடாரத்துக்குள் கழித்தவர். மழை எந்த இடுக்கால் வரும் என்று அவருக்குத் தெரியும். கூரையிலிருந்து சக்கரம் வரை சுற்றி, கயிறு போட்டு இறுக்கினார்.

"இனி எறும்பும் போகேலாது."

நவம்பரில் வந்தபோது காற்றே இல்லை. ஓர் எலுமிச்சை இலைகூட அசையவில்லை. தறப்பாள் மட்டும் மெல்லப் புடைத்தது, மெல்லத் தாழ்ந்தது. மறுபடி புடைத்தது. நித்திரைகொள்ளும் ஒருவரின் வயிறு போல.

ஒரு முனையை உயர்த்திப் பார்த்தேன். கட்டிலருகே யன்னல் கண்ணாடியில் உட்புறமாக ஈரப் பனி, வெண்புகார், படிந்திருந்தது. யாரோ முகத்தை ஒட்டி வைத்து ஊதியது போல.

அவர் முடிச்சை அவிழ்த்தார். கதவைத் திறந்தோம். குதிரை வியர்வை மணந்தது. பழைய மணம் அல்ல. இப்போதுதான் ஓடி வந்து நிற்கும் குதிரையின் மணம். தரையில் கால் வைக்க ஈரம் ஊறியது. நிமிர்த்தி வைத்த மெத்தையில் நீளமாக ஓர் ஈரத் தடம்: தோள், இடுப்பு, மடித்த முழங்கால்.

"தண்ணி எங்கையாலை வந்தது? தொட்டியை நான்தானே வடிச்சனான்!"

"ஆரும் வந்து படுத்திருப்பினமோ?"

"என்ரை முடிச்சு அப்பிடியேதானே கிடந்தது. இது நான் போட்ட முடிச்சடி." அவிழ்த்த கயிற்றைத் தூக்கிக் காட்டினார்.

பக்கத்துத் தோட்டக்காரக் கிழவர் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். "பாவம், அதன் வாயையும் மூக்கையும் ஏன் கட்டினீர்கள்? பிணமென்று நினைத்தீர்களோ?" என்று சிரித்தார். தண்ணீர் வெளியில் இருந்து வரவில்லை என்றார். பலகையிலும் மெத்தையிலும் குதிரைகளின் கீழ் விரித்த ரப்பரிலும் இருந்த ஈரத்தை நாங்கள்தான் உள்ளே பூட்டி வைத்தோமாம். கூரையை மட்டும் மூடுங்கள், யன்னலை ஒரு விரல் அளவு திறந்து விடுங்கள், காற்று போய்வரட்டும் என்றார்.

"அப்போ இது ஏன் அசைகிறது?" என்று தறப்பாளைக் காட்டினேன்.

"காற்று" என்றார். பிறகு அசையாத தன் மரங்களைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் வீட்டுக்குள் போனார்.

தறப்பாளை வெட்டிக் கூரையோடு நிறுத்தினோம். வாரா வாரம் மெத்தையை வெயிலில் போட்டோம், தரையைத் துடைத்தோம். ஜனவரிக்குள் எல்லாம் காய்ந்தன. கட்டிலருகுக் கண்ணாடி மட்டும் காயவில்லை. துடைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடி வெண்புகார்.

மார்ச்சில் சிஞ்ஞோரா வந்து, தரையை மிதித்துப் பார்த்து, சரி என்றார். கண்ணாடியை அவர் கவனிக்கவில்லை. நான் காட்டவும் இல்லை. காட்டியிருந்தால் வீடு போயிருக்கும்.

அன்று பின்னேரம் என்னவர் படியில் கால் வைக்கவே மறுத்தார்.

"இதுக்குள்ளை நான் படுக்கமாட்டன். வேண்டாமப்பா, கபோவுக்கே போறன்."

"போங்கோ. அங்கை அஞ்சு பேரின்ரை குறட்டை. இஞ்சை ஒராள்தான் மூச்சு விடுது. பேயோடை ஒரு பெண் குடும்பம் நடத்தலாம். அஞ்சு ஆம்பிளையளோடை ஏலாது."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை. ஆனால் நான்கு வருடம் என் உடம்பு இன்னொருவர் வீட்டின் சமையலறையோர அறையில் தனியாகக் கிடந்திருந்தது. பயத்துக்கு அதில் இடம் மிச்சமில்லை. உடுப்புப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறினேன். கட்டிலைப் பார்த்து, புதிதாய்க் குடிவருபவர் முன்னிருப்பவரிடம் கேட்கிற மாதிரிக் கேட்டேன்:

"நாங்களும் இஞ்சைதான் இருக்கப் போறம். கொஞ்சம் தள்ளி அரக்கி இருங்கோ."

"ஆரோடை கதைக்கிறாய்?" வெளியிலிருந்து அவர்.

"இருக்கிறவையோடை."

பிறகு படி கிறீச்சிட்டது. அவர் உள்ளே வந்தார். நேராக வரவில்லை. ஒடுக்கமான வழியில் எதிரே வருபவருக்கு இடம் விடுவது போல, உடம்பை ஒருக்களித்து, சுவரோடு ஒட்டி வந்தார்.