காலாவதியான வெல்டிங் அட்டை

எக்ஸ்ரே வெல்டர் என்றால் எங்கள் கூடங்குளத்தில் ஒரு காலத்தில் தனி மவுசு. நாங்கள் ஒட்டிய குழாய் மூட்டைப் படம் எடுத்துப் பார்ப்பார்கள்; உள்ளே கடுகளவு ஓட்டை இருந்தாலும் வெட்டி எறிவார்கள். அணு உலைக் கட்டுமானத்தில் அந்த வேலையை இருபது வருஷம் பார்த்தவன் நான். கொஞ்சம் திமிரும் உண்டு.

அங்கே ஒரு விதி. வெல்டருக்குத் தேர்வு வைத்து ஓர் அட்டை கொடுப்பார்கள். தொடர்ந்து ஆறு மாதம் அந்த வேலையைத் தொடாவிட்டால் அட்டை செல்லாது, மறுபடி முதலிலிருந்து தேர்வு. ஊரில் உலைக்குப் பயந்தவர்களிடம் இதைச் சொல்லித்தான் வாயை அடைப்பேன்.

"ஆறு மாசம் கை விட்டுப்போச்சுன்னா என்னையே நம்ப மாட்டாங்க வே. பெறவு என்ன பயம்?"

வீட்டுக்காரிக்கும் இதே பாட்டுதான். உலை இத்தனை பக்கத்தில் இருக்கிறதே என்று அவள் கலங்கும்போதெல்லாம் அட்டையை எடுத்துக் காட்டுவேன்.

பிறகு வேலை நின்றது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய சாமான் வரவில்லை. எங்கோ நடக்கும் போரால் பணம் அனுப்ப வழியில்லை என்றார்கள். டெல்லியில் கோப்பு நகர்கிறது என்றார்கள். பழைய விலைக்குக் கட்டுப்படியாகாது என்று எங்கள் ஒப்பந்தக்காரரும் கையை விரித்தார். எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வள்ளியூரில் ஒரு பட்டறையில் ஜன்னல் கம்பி ஒட்டப் போனேன். ஜன்னலுக்கு யார் படம் எடுக்கப்போகிறார்கள்? பிடித்தால் போதும். கை அந்தச் சோம்பலுக்குப் பழகுவது எனக்கே தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய, அடுப்பு எரிய வேண்டுமே. ஆறாவது மாதம் முடிந்த அன்று, செல்லாத அட்டையைப் பெட்டிக்கு அடியில் போட்டேன்.

ஒரு வருஷம் ஆகும் சமயத்தில் சாமான் வந்து, தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். மாதிரிக் குழாயை ஒட்டிக் கொடுத்தேன். நன்றாகத்தான் செய்திருக்கிறோம் என்று நம்பினேன்.

மறுநாள் சோதனை அதிகாரி படத்தை விளக்குப் பெட்டியில் வைத்தார். பல வருஷம் என் மூட்டுகளைப் பார்த்தவர். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒங்க கைக்கு என்ன கொறச்சல் அண்ணாச்சி" என்று பேனாவைத் திறந்தார்.

படத்தின் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. அடிவரை உருகிப் பிடிக்காத இடம் அது.

"சார், அந்த ஓரத்த ஒருக்கப் பாருங்க" என்றேன்.

பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். தோல்வி என்று எழுதினார்.

மறுதேர்வு கேட்டேன். நின்ற நாட்களுக்கும் சேர்த்து வேலை ஓட வேண்டும், ஐம்பத்தைந்து வயதுக்காரருக்காகக் காத்திருக்க முடியாது என்று ஒப்பந்தக்காரரின் ஆள் சொல்லிவிட்டார். அவரைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக்காரியிடம் நடந்ததைச் சொன்னேன்.

"நீங்க சொல்லாட்டா அவரு பாஸ் போட்டிருப்பாரா?"

"போட்டிருப்பாரு."

"அப்பம் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்லா?"

உலைக்குப் பயந்த அதே மனுஷிதான் கேட்டாள். அந்தக் குழாயில் என்ன ஓடும், மூட்டு விட்டுப்போனால் முதலில் யார் வீடு போகும் என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவள் கேட்பதில் என்ன தப்பு என்றுதான் எனக்குத் தோன்றியது. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அப்படித் தோன்றியதில்லை. இப்போது தினமும் தோன்றுகிறது.